ஆணுக்கு ஐம்பது, பெண்ணுக்குப் பத்து

பட்டினப்பாக்கம், சென்னை
18.8.2025

அன்பு எஸ்தருக்கு,

அண்ணி எழுதுகிறேன். நானும் டயானாவும் சுகம். நீ, உன் மகள், என் இரண்டு ஆடுகள், உன் அண்ணன், இந்த வரிசையில் எல்லாரும் சுகம்தானே?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். டாக்டர் என்னைப் பேசவே கூடாது என்று சொல்லிவிட்டார். தொண்டையில் சின்னதாக ஒரு கட்டி, அவ்வளவுதான். உன்னிடம் இருப்பது பட்டன் போன். உன் அண்ணன் போனுக்கு எழுதி அனுப்பினால் அவர் அதை டீக்கடையில் வைத்துச் சத்தமாக வாசிப்பார். நம் விவசாயக் கூலிச் சங்கத்து விஷயம் ஒரு மணி நேரத்தில் ரகுபதி காதுக்குப் போய்விடும். ஊரில் பாதி நிலம் வைத்திருப்பவருக்குக் காதும் பெரிது.

டயானா வேலை செய்யும் தி.நகர் துணிக்கடையின் விடுதியில் அம்மாவைத் தங்கவைக்க மாட்டார்களாம். அதனால் இங்கே ஓர் அறை பிடித்துக் கொடுத்திருக்கிறாள். வீட்டுக்காரி பெயர் கெங்கம்மா. மீன் விற்கிறாள். இங்கிருந்து பஸ் ஏறினால் அடையாறு ஆஸ்பத்திரி பக்கம். நான் வந்த அன்று நெஞ்சைத் தொட்டு, வாயைத் தொட்டு, கையை ஆட்டிக் காண்பித்தேன். கெங்கம்மா, "இன்னாம்மா, பேச மாட்டியா? பரவால்ல, ரெண்டு பேருக்கும் சேத்து நானே பேசிக்கினு கீறேன், வா" என்றாள். சொன்னபடியே செய்துகொண்டிருக்கிறாள். மீன் வாசம் மட்டும்தான் எனக்குப் பழகவில்லை.

குறுவைக்கு அடுத்த தாளடி நடவுக்குக் கூலி பேசும் நாள் வருவதற்குள் நான் வந்துவிடுவேன். ஒருவேளை தள்ளிப்போனால் நீதான் பேசவேண்டும். கிளைக் கூட்ட நோட்டு என் தகரப்பெட்டியில் இருக்கிறது.

பிரியத்துடன்,
உன் அண்ணி
தமிழ்மொழி


27.8.2025

அன்புள்ள அண்ணிக்கு,

எஸ்தர் வணக்கத்தோடும் கொஞ்சம் கோபத்தோடும் எழுதுவது. சின்னக் கட்டிக்கு எதற்கு இத்தனை நாள்? அண்ணனைக் கேட்டால், "சரியாயிரும், சரியாயிரும்" என்கிறார். ஒரு பேச்சை இரண்டு தடவை சொன்னாலே அது பொய் என்று நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள்.

ஆடுகள் சுகம். ஒன்று சினை.

நான் கூலி பேசுவதா? ரகுபதி வீட்டு வாசலில் நின்றாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். நீங்கள் பேசும்போது பின்னால் நின்று தலையாட்டுவதுதான் எனக்குத் தெரிந்த சங்க வேலை. ஆனால் பெண்கள் ஒன்று சொல்கிறார்கள், கேளுங்கள். களையெடுக்க இறங்கினால் நாமும் ஆண்களும் ஒரே வரிசை, ஒரே நேரம். அவர்களுக்கு ஐந்நூறு, நமக்கு முந்நூறு. நடவுக்கும் நமக்கு அதே முந்நூறுதான். இந்தத் தடவை இரண்டு பேருக்கும் ஒரே கூலி கேட்கலாமே என்கிறார்கள். முதலில் சொன்னது பவுனம்மாள் அக்காதான். இது ஏன் இத்தனை வருஷமாக நமக்குத் தோன்றவில்லை அண்ணி?

பதில் போடுங்கள். உடம்பைப் பற்றி உண்மையைப் போடுங்கள்.

உங்கள் எஸ்தர்


பட்டினப்பாக்கம்
4.9.2025

அன்பு எஸ்தருக்கு,

இங்கே சுகம். ஆடு சினையானது கேட்டு மனசு குளிர்ந்தது. அதற்கு வேப்பிலையை ரொம்பப் போடாதே.

பேசும் முறை சொல்கிறேன். ரகுபதி முதலில் டீ கொடுப்பார். குடித்துவிடு, வேண்டாம் என்று சொல்லாதே. உரம் விலை, டீசல் விலை எல்லாம் சொல்லி முடிக்கட்டும். பிறகு நம் தொகையைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள். முதலில் பேசுகிறவர்தான் இறங்கிவருவார்.

அடுத்த வாரம் அந்தக் கட்டியை எடுக்கிறார்கள். உன் அண்ணன் வருகிறார். காப்பீட்டு அட்டையில் செலவு போய்விடுகிறது. நீ வேலையை விட்டுவிட்டு வரவேண்டாம்.

உன் மகளிடம் நான் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அண்ணி


தி.நகர்
14.9.2025

அன்புள்ள அத்தைக்கு,

டயானா எழுதுகிறேன். எப்படி இருக்கிறீர்கள்? அம்மாவுக்குப் பத்தாம் தேதி ஆபரேஷன் முடிந்தது. கண் திறந்து பார்க்கிறார். அப்பா கூட இருக்கிறார்.

அம்மா எழுதக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தார். ஆனால் அத்தையிடம் மறைக்க என்னால் முடியவில்லை. அது சின்னக் கட்டி இல்லை. குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். இனி கழுத்தில் வைத்திருக்கும் துளை வழியாகத்தான் மூச்சு. பேச முடியாது. ஆறின பிறகு, கருவி வைத்துப் பேசப் பழகலாம் என்கிறார்கள். ஆனால் நமக்குத் தெரிந்த அந்தக் குரல் இனிமேல் இல்லை. அம்மாவுக்கு இது ஜூலையிலேயே தெரியும்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் என்ன செய்தார் தெரியுமா? கடற்கரைக்குக் கூட்டிப்போகச் சொன்னார். பாட்டு ஏதாவது பாடப்போகிறார், போனில் பதிவு செய்யலாம் என்று நினைத்தேன். அவர் என் கடையைப் பற்றியே கேட்டார். பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறாயே, உட்கார நாற்காலி போடச் சொல்லிச் சட்டமே இருக்கிறதே, போட்டார்களா என்று அந்தக் கரகரத்த குரலில் அரைமணி நேரம் விசாரித்தார். "போடலைம்மா" என்றேன். "எத்தனை பேரு இருக்கீங்க?" என்றார். அதுதான் கடைசியாக அவர் என்னிடம் பேசியது.

அத்தை, நீங்கள் அழுவீர்கள் என்று தெரியும். அம்மாவுக்கு எழுதும்போது அழுதுகொண்டு எழுதாதீர்கள். ஆடு, நடவு என்று எழுதுங்கள்.

உங்கள் மருமகள்
டயானா


22.9.2025

அன்புள்ள அண்ணி,

உங்கள் உடம்பு தேறிவர வேளாங்கண்ணி மாதாவிடம் நேர்ந்திருக்கிறேன். உங்களுக்குச் சாமி இல்லை. அதனால் உங்கள் பங்குக்கும் சேர்த்து நானே முட்டிபோட்டேன்.

டயானாவைத் திட்டாதீர்கள். சொல்லிவிட்டாள். அதைப் பற்றி இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை.

ஆடு நன்றாக மேய்கிறது. தாளடிக்கு நாற்றங்கால் விட்டாயிற்று. நாற்று ஒரு விரல் உயரம். ஒரே கூலி என்ற பேச்சுக்கு நீங்கள் பதிலே எழுதவில்லையே? பெண்கள் முப்பத்தொரு பேரும் கை தூக்கிவிட்டார்கள். நானும் தூக்கினேன். உங்கள் சம்மதம் கிடைத்தால் யானை பலம்.

உங்கள் எஸ்தர்


பட்டினப்பாக்கம்
30.9.2025

அன்பு எஸ்தர்,

தையல் பிரித்தாயிற்று. கஞ்சி இறங்குகிறது. உன் அண்ணன் நேற்று ஊருக்குக் கிளம்பினார். மூக்கால் மூச்சு விடாததால் வாசம் எதுவும் தெரியாது என்றார்கள். கெங்கம்மா கருவாடு வறுத்தபோது தெருவே மணந்ததாம், எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. இப்போது இந்த வீடு எனக்குச் சௌகரியமாக இருக்கிறது.

கூலி விஷயம். ஒரே கூலி இந்த வருஷம் வேண்டாம். ஆண்கள் கூட வரமாட்டார்கள், சங்கம் இரண்டாகும். இருபத்தைந்தோ ஐம்பதோ ஏற்றிக் கேட்டு முடித்துக்கொள்.

அண்ணி


9.10.2025

அன்புள்ள அண்ணி,

நலம். உங்கள் நலமே எங்களுக்கு வேண்டியது.

உங்கள் கடிதம் வருவதற்குள் பேசப் போய்விட்டோம். டீ குடித்தேன். உரம் விலை கேட்டேன். தொகையைச் சொல்லி வாயை மூடிக்கொண்டேன். ரகுபதி ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் ஒரு பழைய காகிதத்தைக் கொண்டுவந்து போட்டார்.

"எஸ்தரு, இதுல கையெழுத்து யாருதுன்னு பாரு. பதினாலு வருசத்துக்கு முன்னாடி எங்கப்பா எல்லாருக்கும் முப்பது முப்பதா ஏத்தித் தரேன்னாரு. வேணாம், ஆம்பளைக்கு அம்பது, பொம்பளைக்குப் பத்துன்னு கேட்டு வாங்குனதே ஒங்க அண்ணிதான். இப்ப வந்து சமம்ங்கிறீங்க."

கையெழுத்து உங்களுடையது மாதிரியே இருந்தது. 'ழி'யின் சுழிகூட. போலியாக யாராவது போட்டிருப்பார்கள் என்று பெண்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அது பொய்தானே அண்ணி? பொய் என்று ஒரு வரி எழுதுங்கள் போதும். அதைக் கொண்டுபோய் அவர் முகத்துக்கு நேராக வாசிக்கிறேன்.

ஆண்கள் எங்களோடு வரமாட்டோம் என்றுவிட்டார்கள். பெண்களுக்கு ஏற்றினால் நடவு மெஷின் வந்துவிடுமாம். முன்னால் நின்று பேசுவது யார் என்று கேட்காதீர்கள்.

உங்கள் எஸ்தர்


17.10.2025

அண்ணி,

சுகமா? பதில் இல்லை. அண்ணன் சொன்ன அந்தக் கதிர் வைத்தியம் தொடங்கிவிட்டதா, அதனால் எழுத முடியவில்லையா? டயானாவிடம் போனில் கேட்டேன். "அம்மா எழுதுறாங்க, கிழிக்கிறாங்க அத்தை" என்றாள்.

நாற்று நடும் பருவத்துக்கு வந்துவிட்டது. திங்கட்கிழமையிலிருந்து நாங்கள் வயலில் இறங்கவில்லை.

எஸ்தர்


பட்டினப்பாக்கம்
24.10.2025

அன்பு எஸ்தருக்கு,

எட்டுத் தாள் கிழித்துவிட்டேன். இது ஒன்பதாவது. நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

அந்தக் கையெழுத்து என்னுடையதுதான்.

ரகுபதி சொன்னதும் நிஜம். அவருடைய அப்பா எல்லாருக்கும் முப்பது தருகிறேன் என்றார். நானும் உன் அண்ணனும் வாசலுக்கு வந்து பேசிக்கொண்டோம். "ஆம்பளைங்களுக்கு முப்பது பத்தாது, சங்கத்த விட்டே போயிருவானுங்க" என்றார் அவர். நான் மனசுக்குள் கூட்டிப்பார்த்தேன். முப்பதும் முப்பதும் அறுபது. ஐம்பதும் பத்தும் அறுபது. வீட்டுக்கு வந்து சேருவது ஒன்றுதானே, ஆண்களும் கூட இருப்பார்கள் என்று நினைத்தேன். உள்ளே போய் நானே கேட்டு, நானே கையெழுத்துப் போட்டேன். பெண்களிடம் வந்து, "எவ்வளவோ பேசிப் பார்த்தேன், பத்துக்கு மேல் அசையவில்லை" என்று சொன்னேன். அவர்கள் எனக்குக் கை தட்டினார்கள்.

பவுனம்மாள் புருஷனைப் பறிகொடுத்து அப்போது இரண்டு வருஷம். அவள் வீட்டில் ஐம்பது வாங்க யாரும் இல்லை. எனக்கு அது அன்று தோன்றவில்லை என்று இத்தனை நாள் என்னையே நம்பவைத்துக்கொண்டிருந்தேன். தோன்றியது எஸ்தர். வாசலிலேயே தோன்றியது. ஒரு வீடுதானே என்று தள்ளிவிட்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் ஏறின கூலி எல்லாம் அந்தக் கணக்கின் மேல் ஏறினதுதான். ஒரே கூலி ஏன் நமக்குத் தோன்றவில்லை என்று கேட்டாயே, உங்களுக்குத் தோன்றாமல் பார்த்துக்கொண்டவள் நான்.

நேற்று கெங்கம்மாவிடம் சிலேட்டில் எழுதிக் காண்பித்தேன். ஐந்தாவது வரை படித்தவள், விரல் வைத்து எழுத்துக்கூட்டி வாசித்தாள். வாசித்து முடித்துவிட்டு என்னையே பார்த்தாள். "இன்னா இது, தமிழு? ஒரே வஞ்சிர மீனு, நா வித்தா ஒரு வெல, எம் புருசன் வித்தா ஒரு வெலயா? இத்த நீயா செஞ்ச?" என்றாள். அன்று ராத்திரி எனக்குக் கஞ்சி கொடுத்தாள், ஆனால் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தது நான் வந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை.

முன்னால் நிற்பது யார் என்று நான் கேட்கவில்லை. உன் அண்ணன் தினமும் டயானாவுக்குப் போன் செய்து மழை, ஆடு, மாத்திரை எல்லாம் பேசுகிறார். நடவைப் பற்றி ஒரு வார்த்தை வருவதில்லை. அவர் மேல் கோபப்படாதே. அவரை அப்படி நிற்கப் பழக்கியதில் எனக்கும் பங்கு உண்டு.

இந்தக் கடிதத்தைக் கூட்டத்தில் வாசி. என்னைக் காப்பாற்றி எதையும் விட்டுவிடாதே. போலி என்று சொல்லிவைத்திருக்கிறாயே, அதை நீயே திருத்திவிடு. என் பொய்யை நீ சுமக்கக் கூடாது.

திங்கட்கிழமை முதல் கதிர் வைத்தியம், ஆறு வாரம். நான் நலம். நீ நலமாக இரு.

உன் அண்ணி
தமிழ்மொழி


12.11.2025

அன்புள்ள அண்ணிக்கு,

எரிச்சல் எப்படி இருக்கிறது? கழுத்துத் தோல் கறுத்துவிட்டது என்று டயானா சொன்னாள். இளநீர் குடியுங்கள். இங்கே மழை, ஆனாலும் எல்லாரும் நலம். ஆடு இரட்டைக் குட்டி போட்டிருக்கிறது.

இனி நடந்ததைச் சொல்கிறேன். உங்கள் கடிதத்தை இரண்டு நாள் ஒளித்து வைத்திருந்தேன். எனக்கு உங்கள் மேல் அப்படி ஒரு கோபம். கூடவே, அதை வாசித்தால் உங்களை நானே நடுத்தெருவில் நிறுத்துவதுபோல் ஆகுமே என்ற பயம். மூன்றாம் நாள் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் கூட்டம் போட்டோம். ஆண்களும் வேடிக்கை பார்க்க வந்து நின்றார்கள். நான் எழுந்து நின்று, "எட்டு, எட்டுத் தாள்" என்று உளறினேனே தவிர முதல் வரியைத் தாண்ட முடியவில்லை.

அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடப்போகிறார் என்று நினைத்தேன்.

"குடு. அன்னிக்கு நானுந்தான் வாசல்ல நின்னேன்" என்றார்.

அவர் வாசிப்பு உங்களுக்குத் தெரியுமே, பஸ் போர்டு வாசிப்பதுபோல. ஒவ்வொரு வார்த்தையாக வாசித்தார். வாசலில் அவர் சொன்னதை வாசிக்கும் இடத்தில் நிறுத்திவிடுவார் என்று பார்த்தேன். நிறுத்தவில்லை. ஆம்பளைங்களுக்கு முப்பது பத்தாது என்பதைத் தன் வாயாலேயே இன்னொரு தடவை சொன்னார். 'ஒரு வீடுதானே' என்ற இடத்தில்தான் தாளைக் கீழே இறக்கி, மறுபடி எடுத்து வாசித்தார்.

பவுனம்மாள் அக்கா எழுந்து அண்ணனைப் பார்த்தாள். "பதினாலு வருசம், லூர்து. பதினாலு வருசம் அவ வாயப் பாத்துக்கிட்டுக் கைதட்டிருக்கேன். எம் மவன் பத்தாவதோட நின்னது எதுனாலன்னு நெனச்ச?" என்றாள். அக்கா விறுவிறுவென்று வீட்டுக்குப் போய்விட்டாள். போராட்டம் அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

அண்ணன் ஆண்கள் பக்கம் திரும்பி, "நாளைக்கு நான் நாத்துப் பறிக்க எறங்க மாட்டேன். எறங்குறவன் எறங்குங்க" என்றார். மறுநாள் ஒன்பது ஆண்கள் வேலைக்கு இறங்காமல் நின்றார்கள். அதற்கு மறுநாள் பதினான்கு. நாற்றைப் பறித்துக் கொடுக்க ஆள் இல்லை, நட ஆள் இல்லை. ரகுபதி வெளியூரிலிருந்து லோடு ஆட்டோவில் பெண்களை இறக்கினார். ஆட்டோவின் முன்னால் போய் நின்றது யார் தெரியுமா? பவுனம்மாள் அக்கா. திட்டவில்லை. "ஒங்க ஊருல ஆம்பளைக்கு எவ்ளோ, ஒங்களுக்கு எவ்ளோ?" என்று மட்டும் கேட்டாள். பாதிப் பேர் திரும்பிப் போனார்கள். மீதிப் பேர் இரண்டு மா நிலம் நட்டுவிட்டுத்தான் போனார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது.

நாங்கள் வேலையை நிறுத்திய இருபத்துநான்காம் நாள், நாற்று முற்றத் தொடங்கிய பிறகு, ரகுபதி கூப்பிட்டனுப்பினார். களைக்கும் அறுப்புக்கும் ஆண் பெண் இரண்டு பேருக்கும் ஐந்நூறு, ஒரே கூலி. நடவுக்கு நமக்கு நானூற்றைம்பது. நாற்றுப் பறிக்கும் ஆண்களுக்கு முன்பு இருந்த அதே அறுநூறு. அதனால் நடவில் சமம் வரவில்லை. வயலில் யாருக்காவது அடிபட்டால் அன்றைய கூலியும் வைத்தியச் செலவும் நிலக்காரர் பொறுப்பு. அடுத்த வருஷம் மெஷின் இறக்குவேன் என்று சொல்லித்தான் அனுப்பினார். இறக்குவார் போலத்தான் இருக்கிறது. காகிதத்தில் நாங்கள் மூன்று பெண்கள் கையெழுத்துப் போட்டோம். போடுவதற்கு முன்னால் எல்லாருக்கும் கேட்கும்படி இரண்டு தடவை வாசித்தோம்.

இன்னொன்று. இதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை கிளைக் கூட்டத்தில் என்னைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். அண்ணி வந்த பிறகு பார்க்கலாம் என்றேன், கேட்கவில்லை. நல வாரியத்தில் பெண்களைப் பதிவு செய்யும் எழுத்து வேலைக்கு நீங்கள்தான் வேண்டுமாம், அதில் எல்லாரும் ஒரே பேச்சு. பவுனம்மாள் அக்கா மட்டும், "அவ ஊருக்கு வரட்டும், வேணாங்கல. எம் மூஞ்சில முழிக்க வேணாம்" என்கிறாள்.

உங்களுக்கு என் மேல் வருத்தமா? எனக்கு உங்கள் மேல் இருந்த கோபம் முழுக்கப் போகவில்லை. ஆனால் உங்களுக்குக் குட்டிகளைக் காட்டவேண்டும் என்றும் இருக்கிறது. இரண்டும் ஒன்றாக இருக்குமா அண்ணி?

என்றும் உங்கள்
எஸ்தர்


பட்டினப்பாக்கம்
6.12.2025

அன்புச் செயலாளருக்கு,

வருத்தம் இல்லை எஸ்தர். உன் கடிதத்தைப் படித்த அன்று கொஞ்ச நேரம் இருந்தது. பொய் சொல்லமாட்டேன். இருபது வருஷம் இருந்த இடம். பிறகு காகிதத்தை எல்லாருக்கும் இரண்டு தடவை வாசித்ததாக நீ எழுதிய பகுதியைப் படித்தேன், போய்விட்டது. நாங்கள் ஒரு தடவைகூட வாசித்துக் காட்டியதில்லை.

நேற்றோடு கதிர் வைத்தியம் முடிந்தது. தோல் உரிகிறது, ஆனால் சோறு இறங்குகிறது. மழையில் கடல் தெருமுனை வரைக்கும் வந்துபோனது. கெங்கம்மா இரண்டு நாள் வியாபாரம் இல்லாமல் வீட்டில் இருந்து எனக்கு நண்டு ரசம் வைத்துக் கொடுத்தாள். கூலி முடிந்த செய்தியைச் சிலேட்டில் எழுதிக் காட்டினேன். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேச ஆரம்பித்துவிட்டாள்.

டயானா கடையில் ஐந்து பெண்கள் சேர்ந்து நாற்காலி கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் பதில் இல்லை. வேலை போனால் என்ன செய்வது என்று அவளுக்குப் பயமாக இருக்கிறது. எனக்கும்தான்.

உன் அண்ணன் புதன்கிழமை வந்து என்னைக் கூட்டிவருகிறார். போனில் டயானாவிடம், "அம்மாகிட்ட சொல்லு, நான் வாசிச்சேன்னு" என்றாராம். நீ எழுதியதிலேயே தெரிந்துகொண்டேன் என்று நான் இன்னும் சொல்லவில்லை. அவரே சொல்லட்டும்.

கோபமும் பிரியமும் ஒன்றாக இருக்குமா என்று கேட்டிருந்தாய். இருக்கும். உன் அண்ணனோடு இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்தியவளிடம் கேட்கிறாயே.

கழுத்தில் வைத்துப் பேசும் கருவிக்குப் பொங்கல் கழிந்து வரச் சொல்லியிருக்கிறார்கள். அது கைக்கு வருவதற்கு முன்பே பவுனம்மாள் வீட்டுக்குப் போய்விடவேண்டும் என்று இருக்கிறேன். முகத்தில் விழிக்க வேண்டாம் என்றால் வாசலில் உட்காருகிறேன். அவளுக்குப் பதினான்கு வருஷத்துக்குத் திட்டவேண்டியது இருக்கிறது. முடிகிற வரைக்கும் இருந்துவிட்டு வருகிறேன். நடுவில் நான் ஏதாவது சமாதானம் சொல்லிவிடுவேனோ என்று நீ பயப்படவேண்டாம்.

குட்டிகளுக்கு முத்தம்.

உன் அண்ணி
தமிழ்மொழி